மிச்சமான நிலக்கரி

நாரின் என்ற மலையூரின் பள்ளிக்கூடத்தில் எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்து கிடக்கின்றன. வெளியே மார்ச் மாதத்துப் பனி கொட்டுகிறது. உள்ளே வெந்நீர்க் குழாய்கள் தொட்டால் சுடுகின்றன. போன கோடையில் இந்தச் சுவர்களுக்குப் பஞ்சுப் பலகை ஒட்டிக் கொடுத்தவள் சைராகுல். வெப்பத்தை வீணாக்காமல் காப்பதுதான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளுடைய ஆராய்ச்சி. கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்து வழிய, தலைமையாசிரியர் மிர்பெக்கின் அறையில் நிற்கிறாள். திரைச்சீலை தெருப்பக்கமாகப் பறக்கிறது. கொதிகலன் கொட்டகையில் நிலக்கரியை அள்ளிப் போடும் சத்தம் ஓயவே இல்லை.

"எதுக்கு இப்படி எரிக்கிறீங்க?"

"உங்க புண்ணியத்துல பாதிக் கரி மிச்சமாயிடுச்சுக்கா. அது மேலிடத்துக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் பாதிதான் அனுப்புவாங்க. அதான், ஆள் வந்து பாக்குறதுக்குள்ள எரிச்சுத் தள்ளுறோம்."

தேநீர்க் கிண்ணத்தை நீட்டுகிறார். ஜன்னல் விளிம்பில் விழுகிற பனி விழுந்ததும் உருகிச் சொட்டுகிறது. மிர்பெக் சுவரைச் செல்லமாகத் தட்டுகிறார்.

"சும்மா சொல்லக்கூடாதுக்கா. எல்லாத்தையும் திறந்து போட்டும் குளிர மாட்டேங்குதே!"

சைராகுல் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரமாகக் காற்று வரும் இடம் பார்த்து உட்காருகிறாள்.