ஹர்த்தால் செய்த உபகாரம்

"குடிச்சது எத்தனை நாளைக்கு மூத்திரத்துல தெரியும் மோளே?"

சங்கிலிப்பாண்டி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மட்டாஞ்சேரியின் அந்த லேப் தீப்பெட்டி அளவுதான். காத்திருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

லேப் டெக்னீஷியன் ஷபானாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்காத குடிகாரர் இந்த லேப்புக்கு வந்ததே இல்லை. "எப்போ குடிச்சீங்க மாமா?"

"ஞாயித்துக்கிழமை. ஒரு கிளாஸ்தான்."

காலி டப்பாவோடு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொட்டு வரவில்லை. ஷபானா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாம் மோளே. இருக்கறதும் நீர்த்துப் போயிரும்."

பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மனைவி இறந்த பிறகு குடித்துக் கிடந்த மனிதர். மாதாமாதம் இந்த டெஸ்ட் என்று ஏற்பாடு செய்தவள் ஒரு மணி நேரத் தூரத்தில், காக்கநாட்டில் ஐ.டி. வேலையிலிருக்கும் மகள் கற்பகம். ரிசல்ட் நேராக அவள் போனுக்குப் போய்விடும்.

"விஷு சமயத்துல ஒரு தடவை மாட்டினீங்களே, மகள் என்ன சொன்னாங்க?"

"லீவு போட்டுட்டு ஓடி வந்துட்டா. குப்பியத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டா. கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காந்து திட்டுனா."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"டிவி இருக்கு."

ஒருவழியாக டப்பா நிறைந்தது. ஷபானா லேபிள் ஒட்டினாள். மனிதரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பேடிக்காதீங்க மாமா, பயப்பட ஒண்ணுமில்ல. சாதாரண டெஸ்ட்டுல அரை நாள்தான் தெரியும். இது கொஞ்சம் கறாரானது, ரெண்டு மூணு நாள் முந்தி குடிச்சதையும் காட்டிக் குடுத்துடும். செவ்வாய்க்கிழமை வந்திருந்தா மாட்டியிருப்பீங்க. அன்னிக்கு ஹர்த்தால்னு லேப்பை அடைச்சு, உங்க முறையை இன்னிக்குத் தள்ளி வச்சது உங்க அதிர்ஷ்டம். இன்னிக்கு வெள்ளியாச்சே."

"அப்போ தெரியாதா?"

"ஒரு கிளாஸ்தானே, தெரியாது. மகளுக்கு நெகட்டிவ்னுதான் போகும். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

சங்கிலிப்பாண்டி எழுந்திருக்கவில்லை. அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த மாசமும் அவ வரமாட்டா."