நேரம் உங்கள் வசதி

"இப்ப உடனே வர முடியுமா டீச்சர்? ஒரு பத்து நிமிஷத்துல?"

கீபோர்டு டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து மணி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று. இந்த வாரத்தில் அந்த வீட்டிலிருந்து வரும் நான்காவது அழைப்பு.

"நேத்துதானேங்க வந்தேன்?"

"சும்மா ஒரு மணி நேரம் டீச்சர். பாப்பா ஆசைப்படறா."

ஆசையாம். 'பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து இசை வகுப்பு, நேரம் உங்கள் வசதி' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியது தன் தப்புதான் என்று முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தாள். ஒரு நாள் காலை ஆறரைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஏழுக்கு. இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்காருகிற ஜனங்கள்.

போனால் பிள்ளை ஏதாவது கற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. ஐந்து மாதமாக ஒரே பாட்டு. பத்து வயதுப் பெண், விரல் நன்றாக வளைகிறது. ஆனால் நாலாவது வரிக்கு வந்ததும் தப்பு விழும். திரும்ப முதலிலிருந்து. இந்த வேகத்தில் போனால் அவள் கல்யாணத்துக்குள் இரண்டாவது பாட்டை ஆரம்பித்துவிடலாம்.

மூன்றாவது மாடிக்குப் படியேறினாள். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போது உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. அதே பாட்டு. முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வரியில் ஒரு பிசிறு இல்லை. அதோடு நிற்கவும் இல்லை. டீச்சர் இன்னும் சொல்லியே கொடுக்காத இடது கை வாசிப்பும் சேர்ந்து, பாட்டு கடைசிவரை ஓடி முடிந்தது.

செருப்பு வாரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஐந்து மாதமாக இவர்கள் தன்னை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

மணியை அடித்தாள். அம்மாக்காரி கதவைத் திறந்தாள். கீபோர்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை. பால்கனியில் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்த அப்பாக்காரர், டீச்சரைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்க டீச்சர். லீவு நாள்லயும் உங்களுக்குச் சிரமம்" என்று சிரித்துவிட்டு சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்தார். அந்த வீட்டில் மரியாதை தெரிந்த ஒரே ஆள்.

"வாசி" என்றாள் டீச்சர்.

பெண் வாசித்தாள். நாலாவது வரியில் தப்பு.

"திரும்ப."

அதே இடம். அதே தப்பு.

"நடிக்காதடி. இப்பதான் வெளிய நின்னு முழுசாக் கேட்டேன்."

பெண்ணின் விரல்கள் கட்டையை விட்டு எழுந்தன. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாக்காரி கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது ரெக்கார்டிங் டீச்சர்."

"ரெக்கார்டிங்ல உங்க கீபோர்டோட ஓட்டை ஸ்பீக்கர் கரகரப்பு எப்படிங்க வரும்? எனக்குக் காது இருக்கு. வேற டீச்சர் வெச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்கு என்னை வரவழைக்கறீங்க? பொழுது போகலையா?"

"மெதுவாப் பேசுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஏதாவது ஒரு பாட்டு, எதுவா இருந்தாலும் சரி, ஆரம்பிங்க. வகுப்பை மட்டும் நிறுத்திடாதீங்க."

பேப்பர் மடங்கியது. "என்ன டீச்சர், ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அம்மாக்காரி அவசரமாக.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "நீங்களாவது கேளுங்க சார். உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே தப்பா வாசிக்கறா. உங்க வீட்டம்மாவும் இதுக்குக் கூட்டு. நேரம் காலம் இல்லாம போன் பண்றாங்க. முடிஞ்சுதுன்னு எழுந்தா இன்னும் அரை மணிங்கறாங்க. சொல்லிக்கொடுக்கறவளைக் கேனச்சின்னு நினைச்சுட்டாங்களா?"

அம்மாக்காரியின் முகத்தில் ரத்தம் இல்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள் டீச்சர்.

அப்பாக்காரர் எழுந்து வந்தார். கீபோர்டின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, உள்ளங்கையில் ஒழுங்காகச் சுற்றினார்.

"இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமப் போச்சு. சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் டீச்சர். இவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல சார். நீங்க நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அம்மாக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. எவ்வளவு திமிர்.

ஒரு மாடி இறங்கியிருப்பாள். பின்னால் வெறுங்காலோடு அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"மிஸ், உங்க நோட்டு."

டீச்சர் வாங்கிக்கொண்டாள். கோபம் பாதி இறங்கியிருந்தது. "ஏண்டி, இவ்வளவு நல்லா வாசிக்கறவளுக்கு எதுக்குடி இந்த வேஷம்? அஞ்சு மாசமா ஒரே இடத்துல தப்பு பண்ண வெட்கமா இல்ல?"

பெண் மேலே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"பாட்டு முடிஞ்சா நீங்க கிளம்பிடுவீங்க மிஸ். வெளி ஆள் யாராவது வீட்ல இருக்கறப்ப மட்டும்தான் அப்பா அம்மாவை அடிக்க மாட்டார்."

மூன்றாவது மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.