வடத்தின் எந்தப் பக்கம்

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துடீ ருக்மிணி. சாரோட இலை காயுது பாரு."

சகதேவன் சொன்னதும் ருக்மிணி நான்காவது முறையாக அடைப்பிரதமன் பாயசத்தை ஊற்றினாள்.

திருவோணத்தன்று விருந்தாளியை வயிறு முட்டச் சாப்பிட வைப்பது அந்த ஊரில் புதிதில்லை. ஆனால் சகதேவனின் திட்டம் வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு வாசகசாலை மைதானத்தில் வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி. கல்யாணம் ஆனவர்கள் கயிற்றின் ஒரு பக்கம், ஆகாதவர்கள் எதிர்ப்பக்கம். ஆனவர்களுக்குக் கேப்டன் சகதேவன். ஆறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாகக் கள்ளுக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார்.

சொன்ன மறுவாரமே எதிரணி தன் புது ஆளை அறிவித்தது. பல்ஜீத். ஹரியானாக்காரர், மூன்று மாதம் முன்னால் வங்கிக்கு மேனேஜராக வந்தவர், நூற்றுப்பத்து கிலோ. தனியாக இருக்கிறார், தானே சப்பாத்தி சுட்டுத் தின்கிறார், இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டும் என்று பையன்கள் பெயரை எழுதிவிட்டார்கள்.

அந்த நூற்றுப்பத்து கிலோவும் இப்போது சகதேவன் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இது முதல் ஓணம். வாசலில் பூக்களத்தைப் பார்த்ததும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்து வந்தார். இஞ்சிப்புளியை அல்வா என்று நினைத்து ஒரே வாயில் போட்டு, கண் கலங்கி, இன்னும் கொஞ்சம் கேட்டார். ஆனால் பாயசம் வந்தபோது மட்டும், பப்படத்தை அதில் நொறுக்கி, பழத்தைப் பிசைந்து, இந்த ஊரில் பிறந்தவர் மாதிரி வழித்துச் சாப்பிட்டார்.

"இதெல்லாம் யாரு மோனே சொல்லிக் கொடுத்தா?" என்றாள் ருக்மிணி.

தெரிந்தவர்கள் என்றார் பல்ஜீத். டில்லியில் நர்ஸாக இருந்து லீவில் வந்திருந்த மகள் அனகா, நேந்திரங்காய் உப்பேரி வறுவல் தட்டோடு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சகதேவன் மாவேலி என்ற மகாபலி ராஜாவின் கதையை ஆரம்பித்தார். அவர் ஆண்ட காலத்தில் எல்லோரும் சமம், பொய் கிடையாது, ஏமாற்று கிடையாது. வருஷத்தில் இந்த ஒரு நாள் வந்து, தன் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார்.

"அப்ப இன்னைக்குப் பொய் சொல்லக் கூடாதா அங்கிள்?"

"பொய்னு மூச்சு விடக் கூடாது," என்றார் சகதேவன், அஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லி ஐந்தாவது கரண்டியைத் தன் கையாலேயே ஊற்றியபடி.

பிறகு பாயை விரித்து, மின்விசிறியை வேகமாக வைத்து, விருந்தாளியைப் படுக்கச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் குறட்டை கேட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினார்.

நாலு மணிக்கு விசில் ஊதப் போகும் நேரத்தில் கூட்டம் பிளந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல்ஜீத் வந்தார். யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள். முகம்கூடக் கழுவியிருந்தது. பையன்கள் ஊளையிட்டார்கள். சகதேவனின் கை தானாக மீசைக்குப் போனது.

பல்ஜீத் பையன்களைத் தாண்டி நடந்தார். நேராக வந்து சகதேவனுக்குப் பின்னால் வடத்தைப் பிடித்தார்.

"சாரே, இது கல்யாணம் ஆனவங்க பக்கம்."

"தெரியும் அங்கிள். இன்னைக்குப் பொய் சொல்லக் கூடாதே."

மைதானம் இரைந்தது. நடுவர், ஆள் கணக்குச் சரியாக வர சகதேவன் அணியிலிருந்த நோஞ்சான் ஒருவனை வெளியே தள்ளினார். பையன்கள் கூட்டத்திலிருந்து ஒரு கல்லூரிக்காரனை இழுத்துக்கொண்டார்கள். விசில் ஊதியது. பல்ஜீத் ஒரு தடவை சாய்ந்தார், அவ்வளவுதான். எதிரணி ஏழு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புற விழுந்து கிடந்தார்கள்.

பரிசு நேந்திரங்குலையைத் தூக்கி பல்ஜீத்தின் தோளில் வைத்த சகதேவன், எட்டி அவர் கன்னத்தில் முத்தமும் கொடுத்தார். சார் போய் மோனே வந்துவிட்டது.

"அடக் கள்ளா, சொல்லவே இல்லையே! பெண்டாட்டியை எங்கடா மோனே ஒளிச்சு வச்சிருக்கே? அடுத்த ஓணத்துக்கு அவளும் என் வீட்டுல இலை போட்டு உக்காரணும். என் மீசை மேல சத்தியம்."

பல்ஜீத் மைதானத்தைப் பார்த்தார். பெண்களுக்கான வடம்வலியை மைக்கில் அறிவித்திருந்தார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த அனகா, தன்னைக் கூப்பிட்ட கல்யாணமாகாத பெண்களைத் தாண்டி, கல்யாணமானவர்கள் நின்ற மறுமுனைக்கு நடந்தாள்.

அங்கே முதல் ஆளாக நின்றிருந்த ருக்மிணி, திரும்பிப் பார்க்காமலே, மகளுக்கு ஓர் அடி இடம் விட்டு நகர்ந்தாள்.