மஞ்சள் கேரவனும் மூன்று கடமைகளும்

"முதல் கடமை நேத்தே புரிஞ்சிடுச்சு கண்ணு. ரெண்டாவது என்னன்னு சொல்லு" என்றபடி டெஸ்மண்டின் கோப்பையில் தேநீரை நிரப்பினாள் எனிட்.

டெஸ்மண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேசியப் பூங்கா ஆணையத்தில் ஒன்பது வருட வேலை. ஆணையத்தின் சட்டக் கடமைகளைப் பற்றி இதுவரை ஒருவர்கூட அவனிடம் கேட்டதில்லை. மனைவி ஒருமுறை கேட்டாள். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

அவன் பையில் நோட்டீஸ் இருந்தது. பூங்கா எல்லைக்குள், ஆடு மேயும் தன் நிலத்தில், அனுமதியில்லாமல் மஞ்சள் கேரவனை நிறுத்தி, மலையேற வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கிறாள் எனிட். அதுதான் அவள் பிழைப்பே. அதை அகற்றச் சொல்லித்தான் நோட்டீஸ். நேற்றே கொடுத்திருப்பான், முதல் கடமையை விளக்கி முடிப்பதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

"இந்த உப்புக் குப்பிதான் மலைன்னு வெச்சுக்கோங்க மேடம். இதோட அழகைக் காப்பாத்தறது முதல் கடமை. இந்த ஸ்பூன், மலையை ரசிக்க வர்ற ஜனங்க. அவங்களுக்கு வழி பண்ணித் தர்றது ரெண்டாவது."

"ஸ்பூன் போய் உப்புக் குப்பிய இடிச்சா?"

"அடடா, கேள்வின்னா இது கேள்வி! ரெண்டும் மோதினா மலை பக்கம்தான் நாங்க நிக்கணும்."

"என்னை மாதிரி இங்கேயே குடியிருக்கறவங்க?"

"நீங்க இந்த ஸ்கோன் பன். உங்க பிழைப்பும் நல்லா இருக்கணும்னு பாக்கறது மூணாவது. ஆனா, முதல் ரெண்டையும் செஞ்சுக்கிட்டே..."

"பேசிக்கிட்டே என்னைக் கடிச்சுட்டியே!"

"மன்னிக்கணும் மேடம்" என்று நெளிந்தவன், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நோட்டீஸை நீட்டினான். "சட்டம் சட்டம்தான்."

எனிட் அதை வாங்கவில்லை. அவன் தட்டில் இன்னொரு ஸ்கோனை வைத்தாள்.

"ஒரே நிலத்துல பத்து வருஷம் யாரும் தடுக்காம இந்த மாதிரி யாவாரம் நடந்துட்டா, அப்புறம் உங்களால தொட முடியாதாமே? நேத்தோட பத்து வருஷம் முடிஞ்சுது கண்ணு."

டெஸ்மண்டுக்குப் புரையேறியது. "இ... இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"போன வாரம் உன் மேலதிகாரி டீ குடிக்க வந்திருந்தார். அவரும் உன்னை மாதிரியேதான், ஒரு கேள்வி கேட்டா போதும், நிறுத்தவே மாட்டேங்கறார்!"