கரண்டியால் தோண்டிய குழி

மலசலகூடக் குழி வெட்ட வருவதாகச் சொன்ன மூன்று மேசன்மாரும் குச்சவெளிப் பக்கமே வரவில்லை. நான்காமவர் தவராசா கூப்பிடாமலே சுகந்தினி வீட்டுக்கு வந்தார். ஆனால் மண்டியிட்டு, மேசன் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாலு நாளாகியும் ஒரு முழம் இறங்கவில்லை.

பொறுமையிழந்த சுகந்தினி மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை வரவழைத்தாள். அது வாசல் படலையைத் தாண்டியதும் தவராசா ஓடிப்போய் மறித்தார்.

“விலகுங்கோ அண்ணை!”

“தங்கச்சி, கண்ணிவெடி கிடக்கும்.”

“சண்டை முடிஞ்சதும் எல்லாம் எடுத்தாச்சு. வெடி எடுத்தவங்கள் கடிதமும் தந்தவங்கள்.”

“எத்தினை எடுத்ததெண்டு போட்டிருக்கு?”

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து வாசித்தாள்.

“இந்த வளவில ஆறு.”

தவராசா அவளைப் பார்க்கவில்லை. பெக்கோவின் சில்லுகளுக்கு அடியில் இருந்த மண்ணைப் பார்த்தார்.

“நான் வைச்சது ஏழு.”