குரல்வளை மூடி

அவர் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பூனை உதட்டருகே பிடித்தபடி அவள் காத்திருந்தாள். மாவு கலந்து கூழாக்கிய தண்ணீர். சொட்டாமல் ஸ்பூனோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். அன்றிலிருந்து கணவருக்கு இதுதான் தண்ணீர்.

"நெசத் தண்ணி குடு, சம்பா."

குழறல்தான். அவளுக்குப் புரிந்தது.

கோவில்பட்டியில் பத்து நாளாக அனல் அடிக்கிறது.

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். போர்டில் தொண்டையை வரைவாள். மூச்சுக்கு வெள்ளைச் சாக்பீஸ், சாப்பாட்டுக்கு நீலம். இரண்டு கோடும் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். ஏன் டீச்சர் இப்படி என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். நம்ம உடம்பு மீன் காலத்து வீடு, இடித்துக் கட்ட ஆளில்லை, ஒட்டுப்போட்டே ஓட்டுகிறோம் என்பாள். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரித்திருக்கிறாள்.

அந்த ஒட்டுதான் குரல்வளை மூடி. விழுங்கும்போது மூச்சுக்குழாயை அடைக்க வேண்டியது. அவருக்கு இப்போது அரை நொடி பிந்தி அடைக்கிறது.

அரை நொடி போதும், வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. மூன்றாவதை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாகத்தில் மட்டும் ஒரு கோளாறும் இல்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தோள் விட்டுப்போயிருந்தது. இன்னொரு முறை கெஞ்ச அவளிடம் குரல் இல்லை.

எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுவந்தாள்.

முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தினாள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனியவைத்தாள்.

ஒரு மடக்கு.

அவர் தொண்டை ஏறியது. இறங்கியது.

இருமல் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்.

இன்னொரு மடக்கு.

மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. முகம் கன்றியது. மூக்கில் தண்ணீர் வந்தது. அவரைக் குனியவைத்து முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கரகரவென்று மூச்சு திரும்பியது.

டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது.

நன்றாயிருக்கும் கையால் அதை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ குடி."

மூன்று மாதமாக அவர் முன்னால் அவள் தண்ணீர் குடித்ததில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாள். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள்.

அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.