குறட்டையா, எங்க பொண்ணா?

“பொண்ணு தூக்கத்துல குறட்டை விடுவாங்களா?”

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இப்படிக் கேட்பாரென்று பெண்ணின் அம்மா நினைக்கவே இல்லை. பக்கத்திலேயே சம்பந்தியம்மா நிற்கிறாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

பெண்ணையே கேட்கலாமென்றால், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கன்ன எலும்பு உடைந்து, உதடு கிழிந்து, வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள்.

“குறட்டையா, எங்க பொண்ணா? படுத்தா பக்கத்துல ஆள் இருக்கிறதே தெரியாது டாக்டர்.”

“நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?”

“சேச்சே!”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை ஓங்கி மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. “இதோ வந்துடறேன்” என்று சம்பந்தியம்மா டாக்டர் பின்னாலேயே ஓடினாள். கதவோரம் அவரை நிறுத்தி என்னவோ கிசுகிசுத்தாள்.

“பாத்தீங்களா? முகத்துல தழும்பு நிக்குமான்னு விசாரிக்கிறா. நிக்கும்னா கழட்டி விட்டுடலாமே!”

“அது கிடக்கட்டும். தெருவுக்கே தெரிஞ்ச குறட்டையை ஏன்டி மறைச்சே? காரணம் இல்லாமலா கேட்டிருப்பாரு?”

“சும்மா இருங்க. அவ காதுல விழுந்தா இந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான்.”

சம்பந்தியம்மா திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மெஷின் விட்டுவிட்டுக் கத்தியது. ஒரு நர்ஸ் வெளியே ஓடினாள். இன்னொரு டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆடிய கதவின் இடுக்கில் குரல் கேட்டது. “மூச்சு வரலை!”

அம்மா எழுந்து ஓடினாள். மானமாவது, சம்பந்தமாவது! கதவைப் படபடவென்று தட்டினாள்.

“குறட்டை விடுவா டாக்டர்! வீடே அதிரும்! நடுவுல மூச்சே நின்னுடும், நான்தான் தட்டி எழுப்புவேன்! பொய் சொல்லிட்டேன் டாக்டர்!”

யாரும் திறக்கவில்லை. மெஷின் சத்தமும் சட்டென்று நின்றது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் மாஸ்க்கை இறக்கியபடி வந்தார்.

“பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க. மூச்சு நின்னுதான் போச்சு. குறட்டையைப் பத்தி முன்னாடியே சொன்னதால, மூச்சுக்கான குழாயைக் கையில தயாரா வச்சிருந்தோம். இல்லேன்னா, முகம் வீங்கியிருக்கிற வீக்கத்துக்கு…”

“முன்னாடியேவா? யாரு சொன்னது?”

டாக்டர் சம்பந்தியம்மாவைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அம்மா சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எப்படி…?”

“துணி எடுக்க வேன்ல போயிட்டு வந்தோமே, என் தோள்ல சாஞ்சுதானே தூங்கினா. அவளுக்கு மூச்சு நின்னப்போ எனக்கில்ல உசுரு போச்சு! நான்தான் உலுக்கி விட்டேன்.”

“தெரிஞ்சுமா வேண்டாம்னு சொல்லலை?”

“நல்லா கேட்டீங்க, போங்க சம்பந்தி! அன்னைக்கே என் மகன்கிட்ட சொல்லிட்டேன், அவ மூச்சு சீரா வருதான்னு பாத்துட்டுத்தான் நீ கண்ணை மூடணும்னு.”